புரட்டாசியில் அளந்த தலை

என் தலையைப் போலவே இன்னொரு தலை நாவலூரில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அது பசிக்காத தலை, சாமி கும்பிடாத தலை, மழை வந்தால் துண்டு தேடாத தலை. அதை வைத்துக்கொண்டுதான் என் மண்டையில் ஓட்டை போடலாமா வேண்டாமா என்று படித்தவர்கள் கூடிப் பேசினார்கள். அந்தக் கூத்தை எழுதி வைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. வீடு திருவிடந்தைக்கு மேற்கே, கடல் காற்று வந்து சேர்வதற்குள் பாதி உப்பை வழியிலேயே விட்டுவிடும் தூரத்தில். சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைத்தேன். காலையில் குளித்து நாமம் இட்டு, பெருமாள் படத்துக்குத் துளசி சாத்தாமல் பச்சைத் தண்ணீர் தொட்டதில்லை. இவ்வளவுதான் என் வரலாறு.

நோய் முதலில் வலது கையில் வந்தது. மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கோயில் பார்க்கப் போனவர்கள் திரும்பும்வரை சீட்டில் சாய்ந்திருப்பேன். ஒருநாள் பக்கத்து வண்டிக்காரன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, வண்டி ஆஃப் ஆயி ரொம்ப நேரம் ஆவுது, கை மட்டும் ஐட்லிங்ல ஓடிகினு கீது?"

சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை நிற்கவில்லை.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் நண்டு ரசம் என்றார். ஒருத்தர் கண் திருஷ்டி என்றார். என் மைத்துனர், எதையும் பெரிதாகத்தான் சொல்லுவார், போன பிறவிப் பாவம் என்றார். போன பிறவியில் நான் என்ன செய்தேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? கூட இருந்தாரா?

டாக்டர்தான் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். மூளையில் ஒரு சுரப்பு வற்றிக்கொண்டே வருகிறதாம், அதை மாத்திரையால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். முதல் சில வருஷம் மாத்திரை நன்றாகக் கேட்டது. பிறகு அதற்கும் திமிர் வந்துவிட்டது. போட்டால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் வயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். வேலை செய்கிற நேரத்தை நல்ல நேரம் என்றும், செய்யாத நேரத்தை எமகண்டம் என்றும் நானே பெயர் வைத்துக்கொண்டேன். எந்தப் பஞ்சாங்கத்திலும் போடாத எமகண்டம் அது. அப்போது கை ஆடும், உடம்பு கட்டைபோல இறுகும், வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ போ என்று சொல்லும், கால் யாருக்கோ வந்த சேதிபோல நிற்கும். வண்டி விற்றாகிவிட்டது. சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. இன்னும் எதற்கெல்லாம் கூப்பிட வேண்டிவருமோ என்று நினைத்தால் சோறு இறங்காது.

என் மகன் நாவலூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். என்ன வேலை என்றால் 'சப்போர்ட்' என்பான். யாருக்கு சப்போர்ட் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன்தான் சேதி கொண்டு வந்தான்.

"நைனா, தலைக்குள்ள ஒயர் வச்சி லேசா கரண்டு குடுத்தா இந்த நடுக்கம் அடங்குமாம். எங்க பில்டிங்ல மேல ஒரு டீம் கீது, ஆஸ்பத்திரியோட சேர்ந்து பண்றாங்க. உன் மூளைய கம்ப்யூட்டர்ல அப்டியே செஞ்சிடுவாங்க. ஒயர் வச்சா இன்னா ஆவும், வைக்காட்டி இன்னா ஆவும்னு அதுலயே பார்த்துக்குவாங்க. அவங்க செலக்ட் பண்ணா செலவும் அவங்களுது."

"வச்சி கெட்டுப் போச்சின்னா?"

"கம்ப்யூட்டர்லதான் நைனா மொதல்ல கெடும்."

"அது கெட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவான். என்னை எங்கடா ஆஃப் பண்ணுவான்?"

இருந்தாலும் போனேன். காரணம், டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை. மாத்திரை உடம்பில் கேட்கிற வரைக்கும்தான் இந்த ஆபரேஷனும் கேட்கும், காலம் கடந்தால் ஒயர் வைத்தும் பிரயோசனம் இல்லை என்றார். ஆகவே சீக்கிரம் வைத்தாலும் பயம், வைக்காமல் விட்டாலும் பயம். நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் நாட்டாமை.

அந்தக் கட்டடத்துக்குக் கதவு கண்ணாடி. ஆள் வந்தால் தானாகத் திறக்கும். நான் போனேன், திறந்தது, என் கால் ஒட்டிக்கொண்டது. மூடியது. நான் இருப்பது தெரிந்து மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. பெருமாள் சந்நிதியில்கூட எனக்கு இத்தனை முறை திரை விலகியதில்லை. செக்யூரிட்டி வந்து, "பெர்சு, உள்ளயா வெளியவா, ஒண்ணு சொல்லு, கதவுக்கே பேஜாராவுது" என்றார். வீட்டுக்காரி முதுகில் கை வைத்துத் தள்ளி உள்ளே சேர்த்தாள்.

மேலே இரண்டு பேர் எங்களைக் கவனித்தார்கள். ஒருவர் தாடி வைத்த தம்பி. எதைச் சொன்னாலும் "சூப்பர் அங்கிள்" என்பார். கை நடுங்கினாலும் சூப்பர், கால் ஒட்டினாலும் சூப்பர். இன்னொருத்தி ஒல்லியாக ஒரு பெண், அதிகம் பேசாது, கம்ப்யூட்டரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்.

முதல் காரியமாகத் தாடித் தம்பி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் நெற்றியைத் துடைத்தார். நாமம் போய்விட்டது.

"இன்னா தம்பி பண்ற?"

"இது இருந்தா சிக்னல் வராது அங்கிள்."

"இது இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே வராது தம்பி."

சிரித்துக்கொண்டே துடைத்தார். அவருக்கு அது அழுக்கு. அடுத்த தடவையிலிருந்து வீட்டுக்காரி திருமண் டப்பாவையும் சின்னக் கண்ணாடியையும் பையில் எடுத்து வந்தாள். தொப்பியைக் கழற்றியதும் அவர்கள் எதிரிலேயே, ஆடுகிற கையைப் பிடித்துக்கொண்டு இட்டுவிடுவாள். அந்த ஏசி அறையில் அதைச் செய்தபோது அவள் முகத்தில் இருந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது.

தொப்பி என்றால் ஒயர் ஒயராகத் தொங்கும் தொப்பி. அதை மாட்டி, விரலைத் தட்டு, கையை உருட்டு, நட, திரும்பு என்பார்கள். மணிக்கட்டில் ஒன்று, கணுக்காலில் ஒன்று கட்டுவார்கள். எல்லாம் முடிந்ததும் தாடித் தம்பி திரையைக் காட்டினார். கறுப்பில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னின, தெருத் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் பல்பு மாதிரி.

"இதுதான் நீங்க அங்கிள்!"

"நானா? காது எங்க?"

அந்தப் பெண்தான் விளக்கம் சொல்லியது. "மூளைக்குள்ள ஒரு சுத்துப் பாதை இருக்கு அங்கிள். 'போ'ன்னு சொல்ற வழி ஒண்ணு, 'நில்லு'ன்னு சொல்ற வழி ஒண்ணு. அந்த சுரப்பு குறையக் குறைய 'நில்லு' வழி தடிச்சுப் போகுது, 'போ' வழி இளைச்சுப் போகுது. அப்புறம் அங்க இருக்கற செல்லெல்லாம் தனித்தனியா வேலை செய்யாம ஒரே தாளத்துல ஆட ஆரம்பிச்சிடுது. எங்க தடிச்சுது, எங்க இளைச்சுதுன்னு நாங்க கணக்குப் போட்டு இதுல வைக்கிறோம்."

"ஒரே தாளத்துல ஆடுனா நல்லதுதானேம்மா? பஜனைல ஆளுக்கொரு தாளம் தட்டினா திட்டு வாங்கணும்."

"பஜனைக்குச் சரி அங்கிள். அங்கயே ஒருத்தர் சட்டைப் பொத்தான் போடணும்னா தட்டறத நிறுத்தணும் இல்ல?"

சரியான பதில். ஆனால் நான் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. படைத்தவனுக்கே முழுசாகக் கணக்கு சொல்லாத தலையை இவர்கள் சீரியல் பல்பில் அடக்கிவிட்டார்களாம். வழியெல்லாம் வீட்டுக்காரியிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் புரட்டாசி பிறந்தது. அவர்கள் மும்முரமாக அளந்ததெல்லாம் அந்த மாதத்தில்தான். வாரா வாரம் கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள்.

எங்கள் பக்கம் புரட்டாசி என்றால் வீட்டில் கவிச்சி கிடையாது. மீன், கருவாடு, கறி, முட்டை எதுவும் அடுப்பேறாது. அந்த வருஷம் என் உடம்புக்காக வீட்டுக்காரி கூடுதலாக ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். நான் காலையில் எதுவும் சாப்பிடாமல், துளசித் தீர்த்தத்தில் மாத்திரையை விழுங்கி, பூஜை முடித்து, பகல் ஏறிய பிறகு ரசம் சோறும் ஒரு காயும் மட்டும் சாப்பிட வேண்டும். பால்கூட வேண்டாம் என்று வைத்துவிட்டாள். நான் ஒத்துக்கொண்டேன். பெருமாளுக்கு ஒரு மாதம் வாயைக் கட்ட முடியாவிட்டால் அப்புறம் என்ன பக்தி.

முதல் வாரத்திலேயே உடம்பு லேசானது. மாத்திரை போட்டால் போட்டபடி கேட்டது. எமகண்டம் சுருங்கிப்போய், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. சனிக்கிழமை சொம்புக்கு நாமம் போட்டு, மாலை சுற்றி, "கோவிந்தா" சொல்லிக்கொண்டு வீடு வீடாக அரிசி வாங்கப் போவது எங்கள் வழக்கம். நோய் வந்த பிறகு அதை விட்டிருந்தேன். அந்தப் புரட்டாசியில் நானே சொம்பைத் தூக்கினேன். தெருவே வாசலுக்கு வந்தது. அரிசி சிந்தவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா, "அட, நடக்கறியே அண்ணாத்த!" என்று வாயில் கை வைத்தாள். எல்லாம் பெருமாள் என்றேன். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

நாவலூரில் தாடித் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியோடு சுற்றினார்.

"அங்கிள், உங்க சர்க்யூட் தன்னைத்தானே சரி பண்ணிக்குது! இளைச்ச வழி திரும்ப தடிக்குது! நம்ம மாடல் அப்படியே காட்டுது!"

"உன் மாடல் காட்டுதா? பெருமாள் காட்டறாரு தம்பி."

"அவரும் காட்டட்டும் அங்கிள், சூப்பர்!"

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பெருமாளைத் துணைக்கு வந்த ஆள்போலச் சொல்லிவிட்டார்.

மாதம் முடியும் தறுவாயில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் திரையைப் பார்த்தபடியே பேசினார். அந்த அறையில் நான் இருந்தேனா என்பது அவருக்குத் தெரியுமா என்று சொல்ல முடியாது. மாடல்படி நோய் தேங்கி நிற்கிறதாம், இப்போது ஆபரேஷன் தேவையில்லையாம், என் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கிறார்களாம். வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் எல்லாருக்கும் கை கொடுத்தான். மண்டை தப்பியது என்று எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஐப்பசி பிறந்தது. ஒரு மாதம் வாயைக் கட்டிய ஊர் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் எப்படி இருக்கும்? கோவளத்தில் மீனுக்குச் சண்டை. கறிக்கடையில் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரி சங்கரா வாங்கி வந்து குழம்பு வைத்தாள், வஞ்சிரம் வறுத்தாள். உடம்பு தேறிவிட்டது, இனி தெம்பு ஏற்ற வேண்டும் என்று காலையில் இரண்டு முட்டை. மகன் அவன் ஜிம்மில் குடிக்கிற புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்து, "பால்ல கலக்கிக் குடி நைனா, ஆர்ம்ஸ் வரும்" என்றான். மாத்திரையையும் அந்தப் பாலிலேயே விழுங்கினேன். மருந்துக் கடைக்காரர் கவரில் எல்லா மாத்திரைக்கும் சேர்த்து 'சாப்பிட்ட பின்' என்று ஒரே கோடாகப் போட்டிருந்தார், அது தப்பும் இல்லை என்று நினைத்தோம்.

எமகண்டம் திரும்பி வந்தது. முன்னைவிட நீளமாக வந்தது. ஒருநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் ஈசிஆர் ரோட்டைத் தாண்டினோம். வீட்டுக்காரி முன்னால் போய்விட்டாள். நான் பாதியில் வந்ததும், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு காலும் ஒட்டிக்கொண்டன. பஸ் ஒன்று ஹாரனைப் பிடித்தபடி வந்தது. நான் நகரவில்லை. டிரைவர் கிறீச்சென்று பிரேக் போட்டு, ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யோவ் பெர்சு! சிலையாட்டம் நிக்கணும்னா மாபலிபுரம் போய் நில்லு! அங்கதான் டிக்கெட் வாங்கி பார்ப்பானுங்க!"

அந்த சீட்டில் உட்கார்ந்தவன் நானும். நானாக இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மாவும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மூட்டையை இழுப்பதுபோல என்னை ஓரத்துக்கு இழுத்தார்கள். கோயிலுக்குப் போகாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். இறங்கும்வரை அவள் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாளே மகனோடும் வீட்டுக்காரியோடும் நாவலூர் போனேன். தாடித் தம்பி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார்.

"மாடல்படி உங்களுக்கு இப்படி ஆகக் கூடாதே அங்கிள்."

"அப்ப ஒண்ணு பண்ணு தம்பி. உன் மாடலை கூட்டினு போயி ஈசிஆர் ரோட்ட தாண்டச் சொல்லு. நான் இங்க ஏசில குந்திகினு மின்னிகினு இருக்கேன்."

மகன் என் தொடையைக் கிள்ளினான். கிள்ளட்டும். மண்டையில் ஓட்டை போட வேண்டாம் என்று சொல்லி என்னை ரோட்டில் நிறுத்திய பொம்மைக்கு நான் மரியாதை கொடுக்க வேண்டுமா?

அந்தப் பெண் மட்டும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது. மாத்திரை மாற்றினீர்களா, தூக்கம் கெட்டதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு எழுந்துபோய்த் திரையில் எதையோ வெகுநேரம் புரட்டியது. திரும்பி வந்து தாடித் தம்பியிடம் கேட்டது.

"இவருக்கு நல்லா இருந்த அதே வாரங்கள்ல நாம அளக்கற இன்னும் சில பேருக்கும் நல்லா இருந்திருக்கு. எல்லாரும் செங்கல்பட்டுப் பக்கம். ஒருத்தருக்கு மட்டும் மாத்தமே இல்லையே, அந்தக் கடற்கரை சர்ச் தெருக்காரர், அவர் எங்க?"

"அவர் டேட்டா மட்டும் ஒத்துவரலைன்னு கணக்குல இருந்து எடுத்துட்டேன்."

அது அவரை ஒரு முறை முறைத்தது. என் வீட்டுக்காரியிடம் திரும்பி, "அந்த மாசம் வீட்டுல இவருக்கு என்ன சாப்பாடும்மா குடுத்தீங்க?" என்றது.

வீட்டுக்காரிக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது. "புரட்டாசியாச்சேம்மா! கவிச்சி ஏது? ரசம் சோறுதான். பால்கூட தர்ல."

பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது. மீன், முட்டை, பால் இவற்றில் இருக்கும் சத்தும் இந்த மாத்திரையும் உடம்புக்குள் போவது ஒரே வாசலாம். சத்து கும்பலாக வந்தால் மாத்திரை வெளியே நிற்குமாம். புரட்டாசியில் வாசல் காலியாக இருந்தது, மாத்திரை தாராளமாக உள்ளே போனது. சர்க்யூட்டு தடிக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை. நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

தாடித் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் எல்லாரும் குணமாகிற அதிசயத்தை அவர் வெளிநாட்டுக்கு எழுதி அனுப்பத் தயாராக வைத்திருந்தாராம். "அந்த மாசம் பிரியாணிக் கடையில கூட்டமே இல்லாம இருந்துச்சு. நானும் நிம்மதியா உக்காந்து சாப்பிட்டேன்" என்று முனகினார். இந்த ரோட்டில் வருஷக்கணக்காகப் பிழைக்கிறவருக்கு, கடை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரே வாயைக் கட்டியிருக்கிறது. இவர் அதன் நடுவில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டு எங்கள் மூளையை அளந்திருக்கிறார். கவிச்சியை விடாத ஒரே மனுஷனான சர்ச் தெருக்காரரின் உடம்புதான் உள்ளதைச் சொன்னது. ஒத்துவரவில்லை என்று அவரையும் தூக்கி வெளியே போட்டுவிட்டார். பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவருக்குத் திரை இருந்தது, நான் எதற்கு?

ஆனால் எனக்கும் அன்று உள்ளுக்குள் அடிதான். பெருமாள் குணமாக்கினார் என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தேன். ஆக, எல்லாம் சங்கரா மீன் தின்னாததால் வந்ததா? பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரியிடம் முணுமுணுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கவிச்சிய தள்ளி வைன்னு சொன்னது யாரு? அந்த மாசத்த வச்சது யாரு? இதுக்கு மேல இன்னா, கைல சொம்ப புடிச்சினு வந்து ஊட்டி வுடணுமா உனக்கு?"

முன் சீட்டில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னதைத்தான் இன்றுவரை நம்புகிறேன்.

அன்றிலிருந்து மாத்திரை வெறும் வயிற்றில், மீனும் முட்டையும் ராத்திரிக்கு என்று மாற்றினோம். டாக்டரும், இப்போது மட்டும் ஞாபகம் வந்தவராக, அதுதான் முறை என்றார். கொஞ்சம் நேரானது. ஆனால் புரட்டாசி அளவுக்கு வரவில்லை. வாரங்கள் போகப் போக நல்ல நேரம் மறுபடி தேய ஆரம்பித்தது.

மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மாத்திரையே கொடுக்காமல், என்னை முழு எமகண்டத்தில் உட்கார வைத்து ஒரு முறை. மாத்திரை கொடுத்து ஒரு முறை. என்ன சாப்பிட்டேன், எப்போது சாப்பிட்டேன் என்று அந்தப் பெண் உப்பு உறைப்பு வரைக்கும் கேட்டது. பழைய தலையை அழித்துவிட்டுப் புதுத்தலை செய்தார்கள். சர்ச் தெருக்காரரையும் கணக்கில் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் எங்களை உட்கார வைத்து அந்தப் பெண்ணே பேசியது.

"உங்க கால் ஒட்டறதும் கை ஆடறதும் மாத்திரை வேலை செய்யாத நேரத்துலதான் வருது அங்கிள். அதனால ஒயர் வச்சா ரெண்டும் குறையும்னு மாடல் சொல்லுது. நோய் போகாது. மாத்திரையும் முழுசா நிக்காது. இப்ப வைக்கலாம், இன்னும் தள்ளிப்போனா பலன் குறையும்." கொஞ்சம் நிறுத்தியது. "இதுவும் தப்பா இருக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவ தப்பாச்சு."

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் நான் நம்பிய முதல் வார்த்தை அதுதான்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் நெட்டில் எதையோ பார்த்துப் பார்த்து முகம் வெளுத்தான். வீட்டுக்காரி பாத்திரம் துலக்கிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு பயமாதான் கீது. ஆனா ரோட்ல உன் கால் ஒட்டினப்ப ஒரு பயம் வந்துச்சு பாரு, அத வுட இது சின்னது."

"தலைய தொளைப்பான்டி."

"தொளைக்கட்டும். உள்ள இருக்கறது எல்லாம் வாய் வழியா வந்துகினேதான கீது, இன்னும் இன்னா மிச்சம் போயிடப் போவுது?"

சரி என்று சொல்லிவிடச் சொன்னேன்.

என் பழைய இடம் போனது போனதுதான், காத்திருந்து தை மாதத்தில் முறை வந்தது. தலையை மழித்தார்கள். இரும்பு வளையம் ஒன்றை மண்டையில் திருகி, மேஜையோடு பூட்டினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்களே தவிர மயக்கம் கொடுக்கவில்லை. விழித்திருந்தால்தான் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியுமாம். முதல் நாளிலிருந்து மாத்திரை இல்லாததால் கை பேய்பிடித்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது. துளைக்கிற சத்தம் நடுமண்டையில் ரோடு தோண்டுவதுபோல இருந்தது. நான் அஷ்டாட்சரத்தைப் பிடித்துக்கொண்டேன், பல் அதிர்ந்ததில் பாதி எழுத்து கடிபட்டுத்தான் வந்தது. பிறகு ஏதோ ஒரு கருவியிலிருந்து சத்தம் வந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்.

"என்ன டாக்டர் அது?"

"உங்க மூளை பேசுது."

அதுவரை அது பேசி நான் கேட்டதில்லை. திட்டுகிறதா, புலம்புகிறதா, தெரியவில்லை.

மாடல் சொன்ன இடத்தில்தான் முதலில் கரண்டு கொடுத்தார்கள். கை கொஞ்சம் அடங்கியது, ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்தது, பேச்சு குழறியது. டாக்டர் நிறுத்தினார். ஒரு நெல்லளவு கீழே இறக்கினார். மறுபடி கொடுத்தார்.

கை நின்றது. வருஷக்கணக்காக ஓடிய மோட்டாரை யாரோ அணைத்த மாதிரி. தோள் இளகியது. உடம்பில் ஒரு சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவ்வளவு நாளாக அது இருந்தது தெரிந்தது.

ஓரத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த தாடித் தம்பி பொறுக்கவில்லை. "மாடல் சொன்ன இடத்துக்கு ரொம்பப் பக்கம்தான் சார்!"

என் வாயும் சும்மா இருக்கவில்லை. "தம்பி, வண்டிய வூட்டாண்ட, ரொம்ப பக்கத்துல கீற கெணத்துல வுட்டா, வூட்ல வுட்டதா ஆவுமா?"

"பேச்சு தெளிவா இருக்கு" என்றார் டாக்டர். சுற்றி நின்ற நர்ஸுகள் சிரித்தார்கள். தாடித் தம்பி பக்கத்தில் இருந்த அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. முகமூடிக்கு மேலே கண் நனைந்திருந்தது.

"நீ ஏம்மா அழுவற? ஓட்டை எனக்கா உனக்கா?"

அது தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டது. டாக்டர் என் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். விரலைத் தட்டச் சொன்னார். தட்டினேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

"மூக்கு ரொம்ப நேரமா அரிக்குது டாக்டர். சொறிஞ்சிக்கட்டுமா?"

"சொறிஞ்சிக்கங்க."

கண்ணில் குத்திக்கொள்ளாமல், கன்னத்தில் இடித்துக்கொள்ளாமல், நேராக மூக்குக்கே போய், ஆசை தீரச் சொறிந்துகொண்டேன்.